மரத்தை வெட்டிப் புல்லை வளர்க்கிறார்களாமே, நீலகிரி பற்றி ஒரு சந்தேகம்

ஒண்டிப்புதூர் தம்பி:

எல்லாருக்கும் வணக்கமுங்க. காலேஜ் முதல் வருசத்துல இருந்து ஞாயித்துக்கிழமை ஆனா மரக்கன்று நடப் போற ஆளு நான். ஆறு வருசம் ஆச்சு. வேம்பு, புங்கன், பூவரசு, நாவல்னு குளத்துக்கரை, பள்ளிக்கூட மைதானம், ரோட்டோரம் எல்லாம் நட்டிருக்கோம். வெயில் காலத்துல குடத்துல தண்ணி சுமந்து ஊத்தியிருக்கேன். காஞ்சுபோன கன்றைப் பாத்தா அன்னைக்குச் சோறு இறங்காது.

போன மாசம் கூட்டாளிங்களோட அவலாஞ்சி தாண்டி மேலே போயிருந்தேன். ஒரு சரிவு முழுக்க சீகை மரத்தை, அதான் வாட்டில்னு சொல்ற வெளிநாட்டு மரத்தை, வெட்டிச் சாய்ச்சிருந்தாங்க. பூத்த மரமுங்க, மஞ்சள் இன்னும் வாடல. பக்கத்துல இருந்த ஒரு பெரியவர்கிட்டக் கேட்டா, "இங்கே புல்லு வரணும் தம்பி, அதுக்குத்தான்"னு சொல்லிட்டுப் போயிட்டாரு. புல்லு வரணும்னா மரத்தை வெட்டுவாங்களா? எங்க ஆத்தா "மரம் இருந்தாத்தான் மழை"ன்னு சொல்லியே எங்களை வளத்துச்சு. மூணு ராத்திரி எனக்குச் சரியாத் தூக்கமில்லீங்க.

வீட்டுக்கு வந்து தேடிப் பாத்தேன். "புல்வெளிதான் அந்த மலையோட இயற்கை"ன்னு ஒரு வரி எல்லா எடத்துலயும் இருக்கு. யாரு அதைக் கண்டுபிடிச்சது, எப்படி நிரூபிச்சாங்கன்னு எங்கேயும் வெவரமா இல்லை. அது இயற்கைன்னா, அந்தக் காலத்துப் படிச்சவங்க ஏன் அதுமேல மரத்தை நட்டாங்க? அவங்களும் காட்டைக் காக்கணும்னுதானே வேலைக்கு வந்தவங்க? தெரிஞ்சவங்க கொஞ்சம் பொறுமையாச் சொன்னா நல்லாருக்கும்.

குந்தா பாலம்:

தம்பி, எனக்கு எழுபத்தொரு வயசு. பொறந்ததே குந்தாவில்தான். எங்க அப்பா மின் திட்ட வேலைக்கு வந்து அங்கேயே தங்கினவர். சீகையைத் திட்டுகிறவர்கள் எல்லாரும் ஒரு டிசம்பர் ராத்திரியை விறகில்லாமல் கழித்துப் பார்க்க வேண்டும் என்று நான் சொல்வதுண்டு. விடிந்தால் புல்மேல் உப்புக் கொட்டினது மாதிரி உறைபனி கிடக்கும். வாளித் தண்ணீரில் கண்ணாடி மாதிரி ஏடு கட்டியிருக்கும். அடுப்பிலும் கணப்பிலும் எரிந்தது சீகையும் கற்பூர மரமும்தான், யூகலிப்டஸ் என்பார்களே, அது.

வெள்ளைக்காரன் ஊட்டியில் வந்து உட்கார்ந்தபோது முதலில் எரித்தது சோலை மரத்தை, மலைப் பள்ளங்களில் அடர்ந்திருக்கும் சொந்தக் காட்டு மரத்தை. ஊரைச் சுற்றி இருந்த சோலைகள் இருபது முப்பது வருசத்தில் மொட்டையானதால்தான் ஆஸ்திரேலியாவில் இருந்து கற்பூர மரம் கொண்டு வந்தார்கள். 1843-இல் காட்டன் என்ற கேப்டன் வெலிங்டன் பக்கம் நட்டது, பிறகு 1863-இல் ஊட்டிக்குப் பக்கத்தில் ஆரம்பி என்ற இடத்தில் ஒழுங்காகத் தோட்டம் போட்டது. அந்த மரம் வராமல் இருந்திருந்தால் இன்றைக்கு மிச்சமிருக்கும் சோலையும் அடுப்புக்குள் போயிருக்கும். இதையும் கணக்கில் வைத்துப் பேசுங்கள். கீழே விவரம் தெரிந்தவர்கள் எழுதட்டும்.

மேல்பவானி:

தம்பி, உங்கள் கேள்வியை நேற்று இரவு படித்தேன். கடைசியில் கேட்டீர்களே, "அந்தக் காலத்துப் படிச்சவங்க ஏன் நட்டாங்க" என்று, அதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். நான் தாவரவியல் பாடம் நடத்துகிறவள். அந்தச் சரிவுகளில் கன்று நட்டவர்களில் என் அப்பாவும் ஒருவர்.

அப்பா இலங்கையில் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். தோட்டத் தமிழரை இந்தியாவுக்கு அனுப்பிய சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தில் 1972-இல் தலைமன்னாரில் கப்பலேறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் கிடந்து, பிறகு மலைக்கு வந்தார். மேல்பவானிப் பக்கம் முதன்முதலாக அந்தப் புல்வெளியைப் பார்த்தபோது, "அட, இங்கேயும் பத்தனை இருக்கே" என்றாராம். இலங்கை மலைநாட்டில் அந்த மாதிரிப் புல்மேட்டுக்குப் பத்தனை என்று பெயர். அந்தப் பத்தனையில்தான் அவருக்குக் கூலி வேலை கிடைத்தது. குழி வெட்டுவது, பாலித்தீன் பையில் இருந்த சீகைக் கன்றைத் தலையில் சுமந்து போய் நடுவது. நான் ஐந்து வயதில் அவர் கூடப் போயிருக்கிறேன். கன்றுப் பையைக் கிழித்துக் கொடுப்பது என் வேலை. மரம் நடுகிறோம், நல்ல காரியம் செய்கிறோம் என்று அப்பா உண்மையாகவே நம்பினார். உங்களுக்கு இப்போது இருக்கும் அதே நம்பிக்கைதான்.

அந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனால் சென்னைக்குத்தான் வந்து சேர வேண்டியிருக்கிறது. எட்வர்ட் பால்ஃபர் என்று ஒரு மருத்துவர், சென்னை அருங்காட்சியகத்தைத் தொடங்கியவர். மரங்கள் மழையைத் தருவிப்பது, ஈரத்தைக் காப்பது பற்றி 1849-இல் சென்னையில் வந்த ஓர் இலக்கிய - அறிவியல் இதழில் நீண்ட கட்டுரை ஒன்று எழுதினார். இன்னொரு மருத்துவர் ஹியூ கிளெகார்ன். மைசூர்ப் பக்கம் வேலை பார்த்தபோது காடு அழிவதைக் கண்ணால் கண்டவர். வெப்ப மண்டலக் காடுகள் அழிந்தால் என்ன ஆகும் என்று பிரிட்டிஷ் அறிவியல் சங்கத்துக்கு 1851-இல் அறிக்கை கொடுத்த குழுவில் அவர் முக்கியமானவர். 1856-இல் அவரையே சென்னை மாகாணத்தின் முதல் வனப் பாதுகாவலராக அரசு நியமித்தது. மத்தியில் வனத்துறை என்று ஒன்று ஏற்பட்டது அதற்குப் பிறகு, 1864-இல்தான். காட்டை வெட்டினால் மழை குறையும், ஓடை வற்றும், பஞ்சம் வரும் என்பது அவர்கள் வாதம். உங்கள் ஆத்தா சொன்னது அதேதான். ரயில் பாதைக்கும் கப்பலுக்கும் மரம் மரமாகச் சரிந்துகொண்டிருந்த காலத்தில் அப்படி எழுந்து நின்று சொன்னதற்கு நாம் நன்றி சொல்ல வேண்டும். அவர்கள் வராவிட்டால் ஆனைமலையில் நமக்கு மிஞ்சியது இவ்வளவு இருந்திருக்காது. ஆனால் அரசுக்கு மரம் வருமானமும் ஆனது என்பதை மறைக்கக் கூடாது. காப்பதும் வெட்டி விற்பதும் ஒரே மேசையில்தான் நடந்தன.

மரம் இருக்கும் இடம் காடு, இல்லாத இடம் தரிசு என்ற கணக்கு அந்த மேசையில்தான் உருவானது. ஊட்டி மேட்டில் ஏறி நின்றவர்களுக்குத் தெரிந்தது என்ன? பள்ளங்களில் மட்டும் அடர்ந்த சோலை, மேடெல்லாம் புல். முன்பு மலை முழுக்கச் சோலையாக இருந்திருக்கும், யாரோ எரித்துத்தான் இப்படி ஆகியிருக்கும் என்று நினைத்தார்கள். "யாரோ" என்றால் தோடர். எருமை மேய்க்கிறவர்கள், புல்லுக்குத் தீ வைக்கிறவர்கள்.

இதற்கு ஒரு கோட்பாட்டுப் பலமும் பிறகு கிடைத்தது. 1916-இல் அமெரிக்காவில் ஃபிரெடரிக் கிளெமென்ட்ஸ் தாவர வளர்ச்சி பற்றி எழுதிய பெரிய நூலில், ஒரு நிலத்தை அப்படியே விட்டால் புல், புதர், மரம் என்று படிப்படியாக ஏறி ஒரு முதிர்நிலையில் போய் நிற்கும், அந்த முதிர்நிலையைத் தீர்மானிப்பது அங்குள்ள தட்பவெப்பம் என்றார். மழை நிறையப் பெய்யும் இடத்தில் முதிர்நிலை காடாகத்தான் இருக்க வேண்டும். அப்படியானால் மழை பெய்தும் புல்லாக இருக்கும் இடம்? நடுவில் யாரோ தடுத்து வைத்த இடம், சிதைந்த காடு. இந்தியக் காடுகளை வகைப்படுத்திய சாம்பியன், சேத் இருவரின் 1968-ஆம் ஆண்டுப் பட்டியலை நான் வகுப்பில் காட்டுவேன். நீலகிரிப் புல்வெளிக்கு அதில் கொடுத்திருக்கும் குறியீட்டில் டி.எஸ். என்ற இரண்டெழுத்து வரும். சிதைவு நிலை என்று அர்த்தம். வரையாடு நிற்கிற, குறிஞ்சி பூக்கிற, நீலகிரி நெட்டைக்காலிக் குருவி கூடு கட்டுகிற இடத்துக்கு அரசாங்கப் புத்தகம் கொடுத்த பெயர் அது. ஒவ்வொரு வருடமும் அந்தப் பக்கத்தைத் திறக்கும்போது எனக்கு மனம் கனக்கும். சிதைந்தது என்று எழுதிவிட்டால் சரிசெய்யத்தானே தோன்றும்? மரத்தை நட்டார்கள்.

எல்லாரும் அப்படி நினைக்கவில்லை என்பதுதான் இதில் எனக்கு மிகப் பிடித்த பகுதி. 1938-இல் 'இந்தியன் ஃபாரஸ்டர்' இதழில், ஒரே ஆண்டில், சில பக்கங்கள் தள்ளி இரண்டு கட்டுரைகள். ஒன்று சி.ஆர். ரங்கநாதன் எழுதியது. வன அதிகாரி. சோலைக்கு வெளியே திறந்த புல்லில் முளைக்கும் சோலை மரக் கன்றுகளை உறைபனி கொன்றுவிடுகிறது, ஆகவே பள்ளத்தில் சோலையும் மேட்டில் புல்லும் இரண்டுமே அந்த மலையின் நிலையான வடிவங்கள் என்றார். முதிர்நிலை ஒன்றுதான் என்ற கோட்பாடு கோலோச்சிய காலத்தில், இரண்டு என்று சொல்லத் துணிச்சல் வேண்டும். இன்னொன்று என்.எல். போர் (Bor) என்ற தாவரவியலாளர் எழுதியது. இல்லை, தீயும் மனிதனும் உண்டாக்கியதுதான் இந்தப் புல் என்றார். அதே என்.எல். போர் 1960-இல் இந்தியா, இலங்கை, பர்மா, பாகிஸ்தான் புற்கள் அனைத்துக்கும் ஒரு பெரிய நூல் எழுதினார். இன்றைக்கும் ஒரு புல்லின் பெயரில் சந்தேகம் வந்தால் நான் எடுப்பது அவர் புத்தகத்தைத்தான். புல்லை அவ்வளவு நேசித்த மனிதரும் புல்வெளி இயற்கையல்ல என்று நினைத்தார் என்றால், அந்தக் கோட்பாட்டின் பிடி எவ்வளவு இறுக்கம் என்று யோசித்துப் பாருங்கள்.

ரங்கநாதன் சொன்னது அச்சில் இருந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு வந்த திட்டங்கள் அதைப் பொருட்படுத்தவில்லை. தோல் பதனிடச் சீகைப் பட்டை வேண்டும், ரேயான் நூலுக்கு மரக்கூழ் வேண்டும், விறகு வேண்டும். குந்தா மின் திட்டத்துக்குப் போட்ட சாலைகள் மேற்கு மேட்டின் உள்வரை போயின. "தரிசு" கண்ணெதிரே கிடந்தது. அப்பாவின் கையில் கன்றைக் கொடுத்தார்கள்.

பழனி மலையில் எவ்வளவு போயிற்று என்று செயற்கைக்கோள் படங்களை வைத்துக் கணக்கிட்டிருக்கிறார்கள். 1973-லிருந்து சுமார் நாற்பது ஆண்டுகளில் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு இல்லை. ஒரு பகுதி விவசாயத்துக்குப் போனது, பெரும்பகுதி மரத்துக்கு.

குந்தா ஐயாவுக்கு ஒரு வார்த்தை. நீங்கள் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. எங்கள் வீட்டு அடுப்பும் அதில்தான் எரிந்தது. ஊருக்குப் பக்கத்தில் விறகுத் தோப்பு வைத்ததை யாரும் குற்றம் சொல்ல முடியாது. ஊரை விட்டுத் தள்ளி, மேற்கு மேட்டில் முக்குருத்தி வரை கொண்டு போய் நட்டதைத்தான் நான் பேசுகிறேன்.

தண்ணீர் பற்றியும் சொல்லிவிடுகிறேன், உங்கள் ஆத்தாவின் பேச்சு அதில்தான் நிற்கிறது. ஊட்டியில் மண், நீர் பாதுகாப்புக்கு ஒரு மத்திய ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அவர்கள் கிளன்மார்கனில் பக்கத்துப் பக்கத்தில் இருந்த இரண்டு சிறு நீர்ப்பிடிப்புகளை எடுத்துக்கொண்டார்கள், இரண்டும் புல்வெளி. சில வருடம் இரண்டிலும் ஓடிவரும் தண்ணீரை அளந்தார்கள். பிறகு 1972-இல் ஒன்றின் பாதிக்கு மேற்பட்ட பரப்பில் கற்பூர மரம் நட்டு, இன்னொன்றைப் புல்லாகவே விட்டு, தொடர்ந்து அளந்தார்கள். முதல் பத்து ஆண்டில் மரம் நட்ட பக்கத்தில் தண்ணீர் 16 சதவீதம் குறைந்தது. வெட்டி, அடிமரத்திலிருந்து மறுபடி தழைத்த இரண்டாவது சுற்றில் சுமார் 25 சதவீதம். கோடையிலும் ஓடையை ஓட வைக்கும் அடிநீரும் அப்படியே குறைந்தது. பைகாராவுக்கும் பவானிக்கும் போகிற தண்ணீர் இந்த மேட்டில்தான் பிறக்கிறது. ஆத்தா சொன்னது சோலைக்குப் பொருந்தும். வேகமாக வளர்கிற வெளிநாட்டு மரத்தைப் புல்மேல் நட்டால் அது தானே குடித்துவிடும்.

புல்வெளி பழசு என்பதற்கு ஆதாரம் கேட்டீர்கள். அது சாண்டிநல்லாவில் சதுப்புக்குள் இருக்கிறது. அதைப் பற்றி என்னைவிட நன்றாகச் சொல்லக்கூடியவர் இங்கே ஒருவர் உண்டு. மண்படிவம், நீங்கள் வந்தால் நன்றாக இருக்கும்.

மண்படிவம்:

டீச்சர் கூப்பிட்டதால் வந்தேன். நீண்ட வருடம் ஆய்வகத்தில் மண் மாதிரிகளோடு வாழ்ந்தவன், அதனால் சதுப்பில் இருந்தே தொடங்குகிறேன்.

ஊட்டி மேட்டில் மலைகளுக்கு நடுவே தண்ணீர் தேங்கும் பள்ளங்கள் உண்டு. அங்கே செத்த செடி முழுசாக மக்காது. குளிரும் ஈரமும் அதை விடாது. ஆண்டுதோறும் கொஞ்சம் கொஞ்சமாகக் கருப்பாகப் படிந்துகொண்டே வரும். கையில் எடுத்தால் காபித்தூள் மண்டி மாதிரி இருக்கும். மேலே நேற்றையது, கீழே போகப் போகப் பழையது. ஆக, அந்தப் பள்ளம் தன்னைச் சுற்றி என்ன வளர்ந்தது என்று ஆயிரக்கணக்கான வருடமாக நாட்குறிப்பு எழுதி வைத்திருக்கிறது.

அதை வாசிப்பது எப்படி? செடிகள் காற்றில் உள்ள கார்பனை எடுக்கும் விதத்தில் இரண்டு பெரிய வகை உண்டு. மரங்கள் ஒரு வகை. வெப்ப மண்டலப் புற்களில் பெரும்பாலானவை இன்னொரு வகை. கார்பனில் கொஞ்சம் கனமான கார்பன்-13 என்ற வடிவம் மிகச் சிறிய அளவில் கலந்திருக்கும். மரம் அதை அதிகம் ஒதுக்கும், புல் அவ்வளவு ஒதுக்காது. ஒரு பொதுவான அளவுகோலை வைத்துப் பார்த்தால் மர வகை ஆயிரத்துக்கு மைனஸ் 27-ஐ ஒட்டி நிற்கும், இந்தப் புல் வகை மைனஸ் 13-ஐ ஒட்டி. செத்து மக்கிக் கருப்பான பிறகும் அந்த விகிதம் பெரிதாக மாறாது. எந்த அடுக்கு எவ்வளவு பழசு என்பதைக் கார்பன்-14 சொல்லும்.

யானை ஆய்வாளராக எல்லாருக்கும் தெரிந்த ஆர். சுகுமாரும், ஆர். ரமேஷ், ஆர்.கே. பந்த், ஜி. ராஜகோபாலன் ஆகியோரும் சேர்ந்து இதை நீலகிரிச் சதுப்பில் செய்து 1993-இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்டார்கள். 20,000 ஆண்டு நாட்குறிப்பு. கடைசிப் பனியுகம் உச்சத்தில் இருந்தபோது, மழை குறைந்திருந்த அந்தக் காலத்தில், புல்தான் ஓங்கியிருந்தது. பிறகு பருவமழை வலுத்தபோது மர வகையின் பங்கு கூடியது. மறுபடி வறண்டபோது புல் ஏறியது. ஒரு தடவை காடாக இருந்து ஒரே தடவை அழிந்த கதை அங்கே இல்லை. இரண்டும் ஆயிரக்கணக்கான வருடமாக முன்னும் பின்னும் நகர்ந்துகொண்டே இருந்திருக்கின்றன. அதற்கு முன்பே, 1988-இல், ஜி. வசந்தி சாண்டிநல்லாப் படிவுகளில் மகரந்தத்தை எண்ணிப் புல்வெளியின் பழமையைக் காட்டியிருந்தார்.

ஒன்றை மட்டும் கவனமாகச் சொல்ல வேண்டும். பனியுகத்தில் காற்றில் கார்பன் டை ஆக்சைடு குறைவு. அதுவும் இந்தப் புல் வகைக்குச் சாதகம். ஆகவே புல் கூடியதெல்லாம் மழை குறைந்ததால் மட்டுமே என்று சொல்லிவிட முடியாது. ஆனால் புல் இருந்தது என்பதில் சந்தேகம் இல்லை.

தோடர்களைப் பற்றி எழுத்தில் கிடைக்கும் மிகப் பழைய சான்று, 1117-ஆம் ஆண்டு ஹொய்சளர் கல்வெட்டு. புனீசன் என்ற தளபதி தோடரை அச்சுறுத்தியதாக வரும். அவர்கள் அதற்குப் பல நூற்றாண்டு முன்பே வந்திருக்கலாம். எவ்வளவு முன்னால் தள்ளினாலும் 20,000 ஆண்டுக்கு முந்தைய புல்லை அவர்கள் தீ வைத்து உண்டாக்கியிருக்க முடியாது.

ஒண்டிப்புதூர் தம்பி:

ரொம்ப நன்றிங்க டீச்சர், ஐயா. ரெண்டு தடவை படிச்சேன். கிளன்மார்கன் கணக்கைப் படிச்சதும் எனக்கு வயித்தைப் பெசஞ்சிருச்சு. இவ்வளவு நாளா யாரும் சொல்லலையே.

இன்னும் ரெண்டு சந்தேகம் இருக்குதுங்க. தீ வெச்சு எருமை மேய்ச்சதுனால புல்லுக்கு ஒண்ணுமே ஆகலையா? தோடருங்க வராம இருந்திருந்தாலும் இப்படியேதான் இருந்திருக்குமா? அப்புறம், இப்ப இருக்கிற சீகையை எல்லாம் வெட்டிட்டாப் போதுமா, புல்லு தானா வந்துருமா? நான் பாத்த அந்தச் சரிவுல வெட்டுன எடத்துல சின்னச் சின்னச் சீகையா முளைச்சு நிரம்பிக் கெடந்துது. அதனாலதான் கேக்கறேன்.

மேல்பவானி:

நல்ல கண் உங்களுக்கு. பல கூட்டங்களில் பேசுகிறவர்கள்கூட அந்தச் சின்னக் கன்றுகளைப் பார்ப்பதில்லை.

முதல் கேள்வி. புல்லை உண்டாக்கியது தோடர் இல்லை என்பதால், அவர்களுக்கும் புல்லுக்கும் சம்பந்தமில்லை என்று ஆகாது. பல நூறு வருடம் அவர்களுடைய எருமை மேய்ந்த நிலம் அது. அவர்கள் பருவம் பார்த்து வைக்கும் சிறு தீயில் பழைய புல் எரிந்து புதிது தளிர்க்கும். அவர்கள் கோயிலுக்குக் கூரை வேயும் புல்லும் இந்த மேட்டுப் புல்தான். சோலையின் ஓரம் எங்கே நிற்க வேண்டும் என்பதில் உறைபனிக்கும் தீக்கும் மேய்ச்சலுக்கும் எவ்வளவு எவ்வளவு பங்கு என்பதில் ஆய்வாளர்கள் இன்றும் ஒரே கருத்தில் இல்லை. தீயையும் மேய்ச்சலையும் முழுதாக நிறுத்திய சில இடங்களில் புல் அடர்ந்து, உள்ளே வெளிச்சம் புகாமல், வேறு களைகள் ஏறியதை நானே பார்த்திருக்கிறேன். 1882-இன் சென்னை வனச் சட்டத்துக்குப் பிறகு தீ வைப்பது குற்றம், மேய்ப்பதற்குக் கட்டுப்பாடு என்று ஆனது. புல்லைப் பற்றி அதிகம் அறிந்தவர்களைப் புல்லின் எதிரி என்று எழுதி வைத்தது இந்த வரலாற்றில் எனக்குத் தாங்க முடியாத பகுதி. மரத்தைப் பற்றிச் செய்த பிழையைவிட இதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

இரண்டாவது கேள்வி. வெட்டினால் மட்டும் போதாது. சீகை விதை மண்ணுக்குள் பல பத்தாண்டு உறங்கும். மரம் நிற்கும்போது நிழலில் முளைக்காது. வெட்டி வெயில் பட்டாலோ, தீ பட்டாலோ ஒரே மூச்சில் கிளம்பும். சில சீகை இனங்கள் வேரிலிருந்தே துளிர்க்கும். நீங்கள் பார்த்தது அதைத்தான். வெட்டிய பிறகு ஐந்து, பத்து வருடம் விடாமல் போய்க் கையால் பிடுங்கிக்கொண்டே இருந்தால்தான் அந்த இடம் மீளும். கூடவே புல்லையும் நட வேண்டும். உள்ளூர்ப் புல்லின் விதையைச் சேர்த்து, அல்லது தூரைப் பிரித்து நாற்றுப் போட்டு, ஒரு சதுர மீட்டர் ஒரு சதுர மீட்டராக நடுகிறார்கள். மெதுவான வேலை.

எல்லா இடத்திலும் வெட்டுவதும் சரியல்ல. கொடைக்கானலில் வட்டக்கானல் பக்கம் தாவரப் பாதுகாப்பில் இருந்தவர்கள் பல ஆண்டு பார்த்துச் சொன்னது இது: பழைய சீகைத் தோப்பின் நிழலில் சோலை மரக் கன்றுகள் தாமாக முளைத்து வருகின்றன. உறைபனியிலிருந்து சீகை அவற்றுக்குக் கூரையாக நிற்கிறது. ரங்கநாதன் 1938-இல் சொன்னதை எண்ணிப் பாருங்கள், திறந்த வெளியில் பனி கொன்ற அதே கன்றுகள். அப்படிப்பட்ட தோப்பை மொட்டையடித்தால் வருகிற சோலையும் போய், புல்லும் வராமல், சீகைதான் மறுபடி நிரம்பும். ஆகவே புல் இன்னும் உயிரோடு இருக்கும் ஓரங்களில், சீகை புதிதாக நுழைகிற இடங்களில் முதலில் கை வைக்க வேண்டும் என்பது என் கருத்து. உள்ளே சோலைக் கன்று எழுந்துவிட்ட பழைய தோப்பை இப்போதைக்கு விட்டுவிடலாம். தமிழ்நாடு 2022-இல் அந்நிய ஆக்கிரமிப்புத் தாவரங்களுக்கென்று ஒரு கொள்கை வெளியிட்டிருக்கிறது. அதற்குப் பணம் வருகிறது. பணம் வந்தால் ஏக்கர் கணக்கு கேட்பார்கள், ஏக்கர் கணக்குக்கு வெட்டுவதுதான் சுலபம். எனக்கு அதில்தான் பயம்.

அப்பாவுக்கு இப்போது எழுபத்தெட்டு. கிளன்மார்கன் கணக்கை அவரிடம் சொல்ல எனக்குப் பல வருடம் வாய் வரவில்லை. போன வருடம் சொன்னேன். கேட்டுவிட்டு ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "நாங்க குழி வெட்டும்போது அந்தப் புல்லுத் தூரு மண்வெட்டிக்கு அசையாது. அவ்வளவு ஆழமா வேரு ஓடியிருக்கும். அப்பவே எனக்குத் தோணிச்சு, இது ஏதோ ரொம்பப் பழசுன்னு" என்றார். இந்த மார்ச்சில் அவரை அழைத்துக்கொண்டு அவர் நட்ட சரிவுகளில் ஒன்றுக்குப் போனேன். புல் நாற்று நடுகிறவர்கள் அங்கே இருந்தார்கள். எந்தப் பக்கம் முதலில் என்ன புல் இருந்தது, எங்கே ஈரம் நிற்கும், குறிஞ்சிப் புதர் எந்த மேட்டில் இருந்தது என்று கம்பால் காட்டிக்கொண்டே வந்தார். அவர்கள் குறித்துக்கொண்டார்கள். அவர் கூட வேலை பார்த்தவர்களில் இன்னும் நாலைந்து பேர் உயிரோடு இருக்கிறார்கள். அவர்களையும் கேட்டு எழுதி வைக்க வேண்டும்.

குந்தா பாலம்:

டீச்சர், எமரால்டில் என் தங்கை வீட்டுக்காரர் அந்த நடவில் மேஸ்திரியாக இருந்தவர். வயசு எண்பத்து மூணு, ஞாபகம் தெளிவு. அவரிடம் ஒரு பழைய நோட்டு உண்டு, எந்தச் சரிவில் எத்தனை குழி என்று கூலிக்காக எழுதி வைத்தது. நட்ட வருசமும் இருக்கும். நான் கேட்டு வாங்கி வைக்கிறேன்.

மேல்பவானி:

ஐயா, அந்த நோட்டை மட்டும் யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள். இந்த ஞாயிறே அப்பாவையும் கூட்டிக்கொண்டு வருகிறேன். ஒண்டிப்புதூர் தம்பி, உங்களுக்கு வர முடியுமானால் வாருங்கள். ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். மதியத்துக்கு மேல் சீகைக் கன்று பிடுங்கப் போவோம். ஈர மண்ணில்தான் வேரோடு வரும், மழை பெய்திருந்தால் நல்லது.

ஒண்டிப்புதூர் தம்பி:

வர்றேனுங்க டீச்சர். கூட்டாளிங்க மூணு பேரையும் கூட்டிட்டு வர்றேன். வழக்கமா கன்று நடப் போற ஞாயித்துக்கிழமைதான்.